சகின்பாய் அண்ணன் வைத்த குழாய்கள்

எங்கள் முற்றத்தைச் சுற்றி நான்கு கட்டடங்கள். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த நான்கிலும் சகின்பாய் அண்ணனின் கை படாத வீடு ஒன்றுகூட இல்லை. குளிர்காலத்தில் உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒழுகினால் அவர்தான் வருவார். மூன்றாம் மாடியில் ஜன்னலைத் திறந்துவைக்கும் அளவுக்குச் சூடு, முதல் மாடியில் கோட்டைக் கழற்ற முடியாத குளிர் என்றால் அதற்கும் அவர்தான். நகர வெப்ப இலாகாவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குட்டையான ஆள், அகன்ற தோள். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பிடி சணல் நார் இருக்கும், குழாய் மரையில் சுற்றுவதற்கு. கை குலுக்கினால் அந்த நார் நம் கையிலும் ஒட்டிக்கொள்ளும்.

இலாகாவுக்காகச் செய்ததைவிட எங்களுக்காக அவர் செய்த வேலைதான் அதிகம். எல்லாருக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் பிடிக்கத் திருட்டுத்தனமாக ஒரு குழாய் வேண்டும். குளியலறையில் வெந்நீர் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. ரேடியேட்டரிலோ குளிர்காலம் முழுவதும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிலக்கரி எரிக்கும் பெரிய ஆலையிலிருந்து வருகிற தண்ணீர். ஒரு வாளி பிடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தரை துடைக்க, கம்பளம் அலச, துணி ஊறவைக்க. கொஞ்சம் துரு நிறம், கொஞ்சம் இரும்பு வாடை, அவ்வளவுதான்.

அவர் வைக்கும் குழாய் யார் கண்ணிலும் படாது. ஜன்னலுக்குக் கீழே பலகைக்குப் பின்னால், அலமாரியின் முதுகுப் பக்கம், சுவரோடு சுவராக. அதில் அவருக்குப் பெருமை.

"இலாகாவுலேர்ந்து ஆளு வந்து பார்த்தா மாட்டிக்க மாட்டோமே அண்ணே?" என்று, அண்ணன் இன்னும் வேலையில் இருந்த காலத்தில், என் கணவர் ஒருமுறை கேட்டார்.

"வர்ற ஆளே நான்தானேய்யா!" என்று சொல்லிவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பு மாடிப்படி முழுவதும் கேட்டது.

பணம் வாங்க மாட்டார். மேசையில் ரொட்டி இருக்கும், தேநீர் இருக்கும், ஞாயிறு என்றால் ஆட்டுக்கறிச் சாறு இருக்கும். ஒரு வாய் சாப்பிடுவார். எங்கள் வழக்கத்தில் வாசலோடு திரும்பும் ஆள்கூட ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போடாமல் போகக் கூடாது. அப்படிப் போனால் அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதாக அர்த்தம். ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டுக்காரர்களைப் பற்றி வெளியே குறை சொன்னாலோ, அதைவிடக் கேவலம் வேறில்லை. சகின்பாய் அண்ணன் எல்லா வீட்டு ரொட்டியும் தின்றவர்.

போன கோடையில் எங்கள் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு கொட்டகை கட்டினார்கள். பிஷ்கெக் நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் போகிற பெரிய குழாய் அந்த வழியாகத்தான் போகிறது. அந்தத் தண்ணீர் நடுக்குளிரிலும் உறைவதில்லை, வெதுவெதுப்பாகவே இருக்கும். கொட்டகைக்குள் இருக்கிற இயந்திரங்கள் அந்த வெதுவெதுப்பை உறிஞ்சிச் சுத்தமான வேறு தண்ணீருக்கு ஏற்றி எங்கள் வீடுகளுக்கு அனுப்புமாம். நிலக்கரி வேண்டாம், புகை வேண்டாம். முதலில் எங்கள் நான்கு கட்டடங்களில் வைத்துப் பார்ப்பார்கள், சரியாக வந்தால் பகுதி முழுவதும்.

இதைச் சொல்ல முற்றத்துக்கு வந்தவள் மேரிம் என்ற இளம் பொறியாளர். மெலிந்த பெண், குரலும் சின்னது. மூன்றாம் மாடி ரோசா அக்கா முன்வரிசையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, நாலாவது கட்டடத்துக்காரன் கழுவிவிட்டதெல்லாம் என் வீட்டு ரேடியேட்டர்ல வந்து நிக்குமா?"

"தண்ணி வராதுக்கா. அதோட சூடு மட்டும்தான் வரும்."

"அவன் சூடு எனக்கெதுக்கு? அவன் பொண்டாட்டிக்கே பத்தலேன்னு அழுவுறா!"

முற்றமே சிரித்தது. மேரிமும் சிவந்துபோய்ச் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"ஒண்ணே ஒண்ணு முக்கியம். பழைய ஆலை மாதிரி இது கிடையாது. குழாய்க்குள்ள ஓடுற தண்ணி அதேதான், போயிட்டுத் திரும்பி வரும். நீங்க ஒரு வாளி எடுத்தா நாங்க ஒரு வாளி புதுத் தண்ணி விட்டாகணும். அழுத்தம் இறங்கிச்சுன்னா மெஷின் தானா நின்னுடும். அதனால ரேடியேட்டர்ல யாராவது குழாய் வெச்சிருந்தா எடுத்துடணும்."

 ஒருவர் ஷூவைப் பார்த்தார், ஒருவர் மேகத்தைப் பார்த்தார். சகின்பாய் அண்ணன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வீடு வீடாப் போய்ப் பார்க்க இந்த இடத்துல தெரிஞ்ச ஆளு யாராவது இருக்காங்களா?" என்று மேரிம் கேட்டாள்.

"இதோ, இவரை விட்டா யாரு?" என்று நாலாபக்கமிருந்தும் கை நீண்டது. அண்ணன் கூச்சத்தோடு எழுந்தார். மறுவாரம் அவருக்கு ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு கூன் போட்டு நடந்துகொண்டிருந்த மனிதர் அந்தச் சட்டையில் நிமிர்ந்து நடந்தார். அவர் மனைவி அய்னாஷ் அண்ணி அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

நான் இந்தக் கட்டடங்களின் படிக்கட்டுகளைத் துடைக்கிறவள். கதவு திறந்திருந்தால் உள்ளே பேசுவது காதில் விழும். அண்ணன் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போவார். "குழாயை எடுக்கணுமாம்" என்பார். "எடுத்துட்டாப் போச்சு, முதல்ல உக்காருங்க" என்பார்கள். ரொட்டி வரும். தேநீர் வரும். அதன்பின் பேச்சு மாறும். குளியலறைக்கு வெந்நீர் அடுத்த வருடம்தான் தருவார்கள், பழைய ஆலையிலிருந்து வந்த குழாயையோ வெட்டிவிட்டார்கள். அதுவரைக்கும் கைக்குழந்தையை எதில் குளிப்பாட்டுவது? அண்ணனின் கையில் ரொட்டித் துண்டு. அவர் அதை மென்றுகொண்டே ஜன்னலைப் பார்ப்பார்.

"கொஞ்சமாப் பிடிங்க. காலைல வேணாம், காலைலதான் அவங்க அழுத்தம் பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வருவார்.

முதல் மாடியில் கனிமெத் அக்கா இருக்கிறாள். அவள் கணவர் ஜோல்தோஷ் பஸ் ஓட்டியவர், பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். அந்த வீட்டில் அண்ணன் கேட்கக்கூட இல்லை. ரொட்டியை விண்டு வாயில் போட்டுக்கொண்டு, சிநேகிதரோடு கொஞ்சம் பேசிவிட்டுப் போனார்.

மேரிமிடம் எல்லா வீட்டையும் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

நவம்பரில் சூடு வந்தது. பழையதுபோல் கை சுடவில்லை, ஆனால் எல்லா மாடியிலும் ஒரே அளவு. தண்ணீரும் கண்ணாடிபோல் இருந்தது, துரு வாடை இல்லை. அதனால்தான் கெட்டது. முன்பு தரை துடைக்க மட்டும் பிடித்தவர்கள் இப்போது துணி துவைத்தார்கள், தலை குளித்தார்கள். ரோசா அக்கா வெளுத்த போர்வைகளைக் கொடியில் போட்டுவிட்டு, "நாலாவது கட்டடத்துக்காரன் சூடு நல்லாத்தான்டி இருக்கு" என்றாள்.

ஜனவரியில் பெரிய குளிர் வந்தபோது இயந்திரங்கள் நின்றன. ஓடின, மறுபடி நின்றன. ரேடியேட்டர்கள் ஆறிப்போயின. குழந்தைகளுக்குக் கோட்டு போட்டு உட்காரவைத்தோம். மின்சார அடுப்பை எல்லாரும் ஒரே நேரத்தில் போட, ஃபியூஸ் போனது. மேரிம் ஆட்களோடு வந்து முற்றத்தைத் தோண்ட ஆரம்பித்தாள். புதைத்த குழாயில் எங்கோ ஒழுகுகிறது, தான் ஒட்டவைத்த இடத்தில்தான் தப்பு என்று அவள் நம்பினாள்.

மண் கல்லாக உறைந்திருந்தது. கடப்பாரை பட்டால் பொறி பறந்தது. குழிக்கு மேல் நின்றுகொண்டு அவள் போனில் யாரிடமோ திட்டு வாங்கியதை நாங்கள் எல்லாரும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். பேசி முடித்தவள் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சகின்பாய் அண்ணன் அவளருகே நின்றார், நான் பக்கத்தில் பனியைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்த வாரத்துக்குள்ள ஒழுகறது நிக்கலேன்னா கொட்டகையை மூடிடுவாங்களாம் அண்ணே. பழையபடி நிலக்கரிதானாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"நீங்க எல்லா வீட்டையும் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேனேம்மா."

"ஒண்ணும் விட்டுப் போகலியே?"

"போகல."

"அப்ப மண்ணுக்கு அடியிலதான்" என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. அப்படி நம்பினாள் அவரை.

அண்ணன் அந்தக் குழிக்குள் இறங்கினார். ஓர் ஆளிடமிருந்து கடப்பாரையை வாங்கி அவரே குத்த ஆரம்பித்தார். அடியில் மண் காய்ந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். இளைஞர்கள் இளைப்பாற நின்ற போதும் அவர் நிறுத்தவில்லை. வியர்வை புருவத்தில் உறைந்து வெள்ளையாக நின்றது. "தாத்தா, மெதுவா" என்று ஒருவன் சொன்னான். அவர் தலை தூக்கவில்லை. மேலே இத்தனை ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம்.

மறுநாள் மதியம் மேரிம் குழிகளை மூடச் சொன்னாள். "நாளைக்குக் காலைல தண்ணில சாயம் கலக்கப் போறேன் அண்ணே. பச்சைச் சாயம். உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. எங்க ஒழுகுதோ அங்க பனி பச்சையாகிடும். பார்த்துடலாம்."

"பனி பச்சையாகுமா?"

"எது மேல பட்டாலும் பச்சையாகும்."

 அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பழைய தோல் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

முதலில் என் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல ரொட்டித் தட்டை எடுத்தேன். அவர் ஷூவைக் கழற்றவில்லை. கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. இன்னைக்கு வேணாம்."

"ஒரு துண்டு அண்ணே."

"தின்னா குழாயை மூட முடியாது. வழி விடு."

நான் தட்டோடு நின்றேன். என் வீட்டு ரொட்டியை ஒருவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. முகமெல்லாம் எரிந்தது. அவர் அலமாரியை நகர்த்தி, குழாயைக் கழற்றி, மூடி போட்டு முறுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். ரோசா அக்கா வாசலை மறித்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா, என் ரொட்டி கசக்குதா உனக்கு? இருபது வருஷமா இனிச்சுச்சே?"

"கோவப்படாதீங்கக்கா. நாளைக்குச் சாயம் கலக்குறாங்க."

"கலக்கட்டும்! வெச்சவன் நீ. காட்டிக் குடுக்குறவனும் நீயா? அந்த ஆரஞ்சுச் சட்டை போட்டதுலேர்ந்து பெரிய அதிகாரி ஆயிட்ட."

"காட்டிக் குடுக்கத்தான்னா இன்னைக்கு வந்திருக்க மாட்டேன். நாளைக்கு உங்க போர்வையே காட்டிக் குடுத்திருக்கும்."

 ரோசா அக்கா விலகி வழிவிட்டாள். ஆனால் அவர் வேலை முடித்து வெளியே வந்ததும் கதவை அறைந்து சாத்தினாள்.

அப்படித்தான் ஒவ்வொரு வீடும். சிலர் திட்டினார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் ரொட்டித் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள், அது திட்டியதைவிட மோசம். கனிமெத் அக்கா வீட்டுக்கு அவர் கடைசியாகத்தான் வந்தார். கதவைச் சாத்தவில்லை.

"இவரை எதுல கழுவுறது தம்பி?" என்று அவள் கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"காலையும் சாயங்காலமும் நான் வெந்நீர் கொண்டாறேன் அண்ணி. எங்க வீட்டு அடுப்புல காய்ச்சி."

"டேய் சகின்பாய்," படுக்கையிலிருந்து ஜோல்தோஷ் அண்ணன் குழறிக் குழறிப் பேசினார். "பச்சையானா என்னடா? தாடி பச்சையா இருந்தா வயசு கொறஞ்ச மாதிரி இருக்கும்."

அண்ணன் சிரிக்க முயன்றார். மூடி மரையில் சரியாக ஏறவில்லை. கனிமெத் அக்கா விளக்கைக் கிட்டே பிடித்தாள். முடித்துவிட்டு அவர் மேசைப் பக்கம் திரும்பாமல், சுவரை ஒட்டி ஒதுங்கி வெளியே வந்தார்.

என் வீட்டுக்கும் சகின்பாய் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான். சாப்பாட்டு வேளையில் அய்னாஷ் அண்ணியின் குரல் கேட்டது.

"ஏங்க, எல்லாரு வீட்லயும் மூடினீங்க. நம்ம வீட்டுதையும் மூடுங்க."

"அது இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? காலைல சாயம் கலக்குறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எங்கயுமே பச்சை தெரியலேன்னா அந்தப் பொண்ணு மறுபடி மண்ணைத் தோண்டுவா அய்னாஷ். அது ஒட்டவெச்சதுல தப்புன்னு சொல்லியே வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. எங்கயாவது ஒரு இடத்துல தெரிஞ்சாகணும்."

துணிக்கூடையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணி, "எந்தப் போர்வை?" என்று கேட்டாள்.

"வெள்ளை. ரெண்டும்."

காலையில் சாயம் கலந்தார்கள். அதற்குள் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்திருந்தன. மேரிம் முற்றம் முழுவதும் நடந்து நடந்து பனியைப் பார்த்தாள். பனி வெள்ளையாகவே இருந்தது. நாங்களும் ஏதோ வேலை இருப்பதுபோல் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வந்தோம். பத்து மணி வாக்கில் அய்னாஷ் அண்ணி கூடையோடு வந்தாள். தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். இரண்டு போர்வைகளையும் கொடியில் விரித்துப் போட்டாள். ஏப்ரல் மாதப் புல்லின் பச்சை. காற்றில் விறைத்துப் பலகைபோல் நின்றன.

மேரிம் போர்வையைப் பார்த்தாள். பிறகு ஆரஞ்சுச் சட்டையில் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"என் வீடுதாம்மா," என்றார் அவர். "நான் வெச்ச குழாய். எடுக்காம விட்டுட்டேன்."

"ஒரு வீட்டுத் தண்ணியா அண்ணே? இத்தனை நாளும்? இவ்வளவுமா?"

"இவளுக்குக் கம்பளம் துவைக்கறதுன்னா பைத்தியம்."

மேரிம் மெதுவாகத் திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தாள். முட்டாள் இல்லை அந்தப் பெண். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்வோமா என்று காத்திருந்தாள். ரோசா அக்காவின் வாய் திறந்தது, நான் பார்த்தேன். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. கனிமெத் அக்கா ஜன்னல் திரையை விட்டு விலகினாள். நானோ பனியில்லாத இடத்தைக் கூட்டினேன்.

"நான் மண்ணைத் தோண்டினப்ப நீங்களும் கூட நின்னு தோண்டுனீங்களே அண்ணே," என்றாள் மேரிம். அதட்டவில்லை, கேள்வியாகவும் கேட்கவில்லை.  அதுவரை நிமிர்ந்து நின்றவர் அப்போதுதான் குனிந்தார். சட்டையைக் கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்தார். அடியில் பழைய ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை. அந்தக் குளிரில் அப்படியே வீட்டுக்கு நடந்தார். அய்னாஷ் அண்ணி காலிக் கூடையோடு பின்னால் போனாள். யாரும் அவளோடு நடக்கவில்லை.

அன்றிலிருந்து இயந்திரங்கள் நிற்கவில்லை. அடுத்த குளிர்காலத்துக்குப் பக்கத்துப் பகுதிக் கட்டடங்களையும் சேர்க்கப் போகிறார்களாம். அதைச் சொல்ல வந்த பெரிய அதிகாரி, "ஒரே ஒரு ஆளால இத்தனை பேருக்குக் கஷ்டம்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். ஆரஞ்சுச் சட்டை இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. அவர் எங்கள் வீடுகளில் தேட ஒன்றும் இல்லை.

சகின்பாய் அண்ணன் மாறவில்லை. எதிரே வந்தால் சத்தமாக நலம் விசாரிக்கிறார். நாங்கள்தான் கடைக்குப் போகக் குப்பைத் தொட்டிப் பக்கமாகச் சுற்றிப் போகிறோம், அவர் வாசலைத் தாண்ட வேண்டாம் என்று. ரேடியேட்டர் ஒழுகினால் வெளியிலிருந்து ஆள் கூப்பிடுகிறோம்.

குழந்தைகளுக்கு என்ன தெரியும்? முற்றத்தில் என்ன பேசினார்களோ அதைக் கேட்டவர்கள். அவருக்குப் 'பச்சைத் தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள்தான். அதட்ட வாய் வரவில்லை. அதட்டினால் ஏன் என்று கேட்பார்கள்.

சென்ற வாரம் மாலை. அண்ணன் இரண்டு கையிலும் வெந்நீர்க் கெட்டிலோடு கனிமெத் அக்கா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். ரோசா அக்காவின் பேத்தி படியில் குறுக்கே நின்றுகொண்டு, "பச்சைத் தாத்தா, தண்ணி திருடின தாத்தா!" என்று பாடினாள். ரோசா அக்கா இரண்டு படி மேலேதான் நின்றாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள். அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஆமா, நான்தான்," என்றார் அண்ணன் குழந்தையிடம். "வழிய விடு கண்ணு, தண்ணி ஆறிடும்."